கிளிஃப் கொலைகாரனாக நடித்த படம்

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுகத்து மீன் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் என் பக்கத்தில் நின்று மீனுக்கு முள்ளெடுத்தவன் கிளிஃப் பிளான்சர்ட். ஐம்பத்து நான்கு வயதில் அவனைச் சினிமா தேடி வந்தது. தொடர் கொலைகாரன் கதை, கையில் காசில்லாத ஓர் இயக்குநர். கிளிஃபின் முகத்தைப் பார்த்ததுமே கொலைகாரன் கிடைத்துவிட்டான் என்றாராம். ஐஸில் நின்று நின்று எங்கள் எல்லோருக்குமே அந்த முகம்தான்.

படம் எடுத்து முடித்ததும் வேலைக்குத் திரும்பினான். ஆனால் மனசு திரும்பவில்லை. அந்த நேரம் பார்த்துத் தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு அறிவித்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டு லண்டன் போய் நடிகனாவேன் என்றான் கிளிஃப். படத்தைப் பார்த்த பிறகு முடிவெடு என்று அவன் மனைவி கிளெண்டா கெஞ்சினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் மீனவர் மன்றத்தில் திரையிட்டார்கள். கழுத்தை நெரித்துக் கொல்லப்பட்ட பெண் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். போலீஸ் என்று எழுதிக் காரில் ஒட்டியிருந்த காகிதம் காற்றில் பிய்ந்து ஆடியது. கிளிஃப் கேமராவையே முறைத்துக்கொண்டு, கடைச் சாமான் பட்டியல் படிக்கிற மாதிரி வசனம் பேசினான். எங்கள் ஊரில் முகத்துக்கு நேரே சிரிக்க மாட்டோம், இருமுவோம். அன்றைக்கு மன்றமே இருமியது.

வெளியே வந்தபோது படம் எப்படி என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. துறைமுகம் அழகாக விழுந்திருக்கிறது என்றாள் சிப்ஸ் கடை ஷெர்லி. நாற்காலி வசதியாக இருந்தது என்றார் யூனியன் தலைவர். நாங்கள் அப்படித்தான், நல்ல மனிதர்கள் என்று பெயர் வேறு.

நான் பின்முற்றத்தில் சிகரெட் பற்றவைத்தபோது கிளிஃப் வந்தான்.

"நாளைக்கு மத்தியானம் கையெழுத்துப் போடணும். நீ சொல்லுப்பா. நல்லா இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. குறை சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல."

இன்னும் ஏதோ சொல்வேன் என்பது போல் கொஞ்ச நேரம் நின்றான். நான் புகையை ஊதினேன். கோழைப் பயல் நான்.

மறுநாள் கையெழுத்துப் போட்டான். படம் எந்தத் தியேட்டருக்கும் போகவில்லை. லண்டனிலிருந்து ஒரு கடிதத்துக்கும் பதில் வரவில்லை. ஓய்வு வாங்கியவர்களைத் திரும்ப எடுப்பதில்லை என்று தொழிற்சாலை கைவிரித்தது. கிளெண்டா முதியோர் இல்லத்தில் இரண்டு ஷிப்ட் தரை துடைக்கிறாள். கிளிஃப் இரண்டு குளிர்காலமாக வீட்டை விட்டு வெளியே வருவதில்லை.

போன வாரம் போனேன். கிளெண்டா கதவைத் திறந்துவிட்டு, அவன் என்னிடம் பேசுவதே இல்லை, நீயாவது பேசிப் பார் என்றாள். ஹீட்டர் போடாத சமையலறையில் கோட்டோடு உட்கார்ந்திருந்தான். இரண்டு வருடமாக நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அந்தப் படம் நல்லா இல்ல, கிளிஃப். நீயும் நல்லா பண்ணல. அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன்."

அவன் கோபப்படவில்லை.

"எனக்கு அன்னிக்கு மன்றத்துல உக்காந்திருக்கும்போதே தெரியும். ஊரெல்லாம் லண்டன் போறேன்னு சொல்லிட்டு, நானா எப்படிப் பின்வாங்குறது? கையெழுத்துப் போடாதேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். அதுக்குத்தான்டா உன்கிட்ட வந்தேன்."