எங்கள் கிணற்றில் ஆலத்தி

மேலூரில் வாந்திபேதி என்று சேதி வந்த அன்று எனக்குப் பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். ஒன்பது வயதில் ஒரு நோயிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

தாமிரபரணியிலிருந்து பிரிந்து வரும் வாய்க்காலை ஒட்டி எங்கள் தெரு. அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலையாக இருந்தார். வீட்டில் நான், அம்மா, தாய்ப்பால் மறவாத தம்பி, எங்கள் மூவரையும் ஆண்டுகொண்டிருந்த அத்தை. அத்தை அப்பாவுக்கு மூத்தவள். அவள் தும்மினால் தெருவில் பாதிப்பேர் புறப்பட்ட காரியத்தை ஒத்திவைப்பார்கள்.

தெரு நடுவில் இருந்த பொதுக் கிணற்றுக்கு மருந்து போட ஒரு சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். கிணற்றடியில் முதலில் போய் நின்றவள் நான். அதனால் தகர டப்பாவை என்னிடம் பிடிக்கக் கொடுத்தார். பெரியவர் ஒருவர் என்னை நம்பி ஒரு பொருளை ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை. அந்த மரியாதைக்காகவே அவர் சொன்ன எதையும் நம்புவதென்று தீர்மானித்துவிட்டேன். கருஞ்சீரகம் போலிருந்த மருந்தை வாளியில் கரைத்துக் கிணற்றில் ஊற்றினார். தண்ணீர் சிவந்தது.

“ஐ! என்ன அழகு!” என்று நான் குதித்தேன். பெண்கள் எல்லாரும் நாலடி பின்னால் போனார்கள்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் நோயிலிருந்து எழுந்தாலும் வெளியூர் போய்த் திரும்பினாலும் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துச் சிவந்த ஆலத்தி நீரை முகத்துக்கு நேரே சுற்றி, முச்சந்தியில் கொட்டுவார்கள். அதோடு கண்ணேறு கழிந்துவிடும். கொட்டியதை மிதித்தவருக்கு அது ஒட்டிக்கொள்ளும். ஒரு சொட்டைக்கூட மிதிக்காமல் விலகி நடந்து பழகியவர்கள் முன்னால் இப்போது ஒரு கிணறு நிறைய ஆலத்தி!

“எந்த ஊர்ல கழிச்ச சனியனையோ கொண்டாந்து நம்ம கிணத்துல கொட்டிட்டாரே!” என்றாள் அத்தை.

“கழிப்பு இல்லம்மா, மருந்து. இன்னைக்குக் கிடக்கட்டும், நாளையிலருந்து இதத்தான் குடிக்கணும். வாய்க்காத் தண்ணிய மட்டும் தொடாதிய. மேலூர்ல சீக்காளி துணியெல்லாம் அதுலதான் அலசுதாவ” என்றார் இன்ஸ்பெக்டர்.

மறுநாள் காலையில் அவரே வந்து எல்லார் முன்னாலும் ஒரு செம்பு மொண்டு குடித்தார். அத்தை அசையவில்லை. “அவரு வேதக்காரரு, சர்ச்சுக்குப் போறவரு. அவருக்குக் கண்ணேறு எங்க ஒட்டும்?” என்றாள். நாலு நாளில் வருவதாகச் சொல்லிவிட்டு அவர் மேலூருக்குப் போனார். பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனார்கள்.

அதற்கடுத்த நாள் நல்ல வெயில். வாய்க்கால் தண்ணீர் கலங்கலாக இருந்தது. கிணற்றுத் தண்ணீரோ இளஞ்சிவப்பில் சர்பத் மாதிரி மினுங்கியது. யாருமில்லாத மத்தியானத்தில் நானே இறைத்து ஒரு செம்பு முழுக்கக் குடித்தேன். கயிற்றில் மருந்து ஒட்டியிருந்தது போலும், விரல்களில் பழுப்பாகக் கறை பிடித்துவிட்டது. அதைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டிருந்தபோது எதிரே இடுப்பில் குடத்தோடு அத்தை.

“ஏட்டி! கையக் காட்டு!”

குடம் கீழே விழுந்தது. அத்தை போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது, ஆனால் என் பக்கத்தில் யாரும் வரவில்லை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா ஓடிவந்தாள்.

“எவ்வளவுட்டி குடிச்ச?”

“ஒரு செம்பு.”

அம்மா என் விரல்களைப் பார்த்தாள். பிறகு தம்பியை அத்தையிடம் நீட்டினாள். “மதினி, இவனுக்குப் பசும்பால் குடுத்தியன்னா கொஞ்சம் சுக்குத் தட்டிப் போடுங்க. இல்லன்னா வயிறு பொருமிக்கிடும்” என்றவள் முந்தானை முடிச்சிலிருந்த பெட்டிச் சாவியையும் அவிழ்த்துக் கொடுத்தாள்.

“ஏளா, என்ன செய்யுத நீ?” என்றாள் அத்தை.

அம்மா கிணற்றில் இறைத்து இரண்டு செம்பு குடித்தாள், மூச்சு விடாமல். பிறகு அங்கேயே உட்கார்ந்து என் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

“எனக்குக் கொஞ்சம் வச்சிருக்கலாம்லா?” என்று நான் முணுமுணுத்தேன். அம்மா என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

எல்லாரும் காத்திருந்தார்கள். பொழுது சாய்ந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை, பசி மட்டும் வந்தது. பழைய சோறு கேட்டேன். இதற்குப் போய் அத்தை ஏன் அழவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

விடிந்ததும் அத்தை என்னை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். அடுத்து அம்மாவின் நாக்கை. பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். தெருவும் பின்னாலேயே போனது.

“ஆலத்தியெல்லாம் இந்நேரம் அடியில தங்கியிருக்கும். மேலாப்புல பைய மொள்ளுங்க” என்று உத்தரவிட்டாள். அத்தை அத்தைதான்.

சொன்னபடி இன்ஸ்பெக்டர் வந்தபோது கிணற்றைச் சுற்றி ஒரே குடங்கள். எடுத்துச் சொன்னால் ஜனங்கள் கேட்கத்தான் செய்கிறார்கள் என்று பூரித்துப்போய் அதைத் தம் நோட்டில் எழுதிக்கொண்டார். வாந்திபேதி அந்த வருஷம் எங்கள் தெருவுக்குள் வரவே இல்லை.

பள்ளிக்கூடம் திறந்ததும் என் பெருமையைக் கேட்க வேண்டுமே! தெருவிலேயே முதலில் குடித்தவள் நான், அடுத்தது எங்கள் அம்மா, எங்கள் இரண்டு பேருக்கும்தான் மருந்தில் நம்பிக்கை என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லித் திரிந்தேன். அது அம்மா காதுக்கும் போனது. அவள் சிரித்தாளே தவிர இல்லை என்று சொல்லவில்லை. அன்று மத்தியானம் அதை மருந்து என்று நம்பிக் குடித்தவள் நான் ஒருத்திதான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.