சில்லுகள் விழுந்த பக்கம்

ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்டுவதுதான் அவர் பிழைப்பு. குண்டு வெடிக்கிற ஊரில் அதற்கு என்ன குறைச்சல்? கண்ணாடிக்காரர் என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். சில்லுகள் அறைக்குள் சிதறியிருந்தால், ராணுவம் வெளியிலிருந்து அடித்த ஷெல். தெருவில் சிதறியிருந்தால், உள்ளே குண்டு வைத்தது நம்ம பசங்க. பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

ஜனங்களும் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ராணுவம் என்றால் மாரடித்து அழுவார்கள். பசங்க என்றால், "காரணமில்லாம செய்ய மாட்டாங்க" என்று கலைந்துவிடுவார்கள். போன மாதம் ஜவுளிக்கடையில் பதினோரு பேர் செத்தபோது, "தெருவுலதான் கெடக்கு" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் சட்டத்தை அளக்க நாடாவை விரித்தவர்தான் அவரும்.

இன்று தபால் ஆபீஸ். அங்கே கடிதம் பிரிக்கிற வேலையில் இருந்த அவர் தங்கையைப் போர்வையில் சுற்றி வெளியே தூக்கி வந்தார்கள். கண்ணாடிக்காரர் ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் அவர் தோளில் கை வைத்து, காதோரம் கேட்டார்: "அண்ணே, உள்ளயா, வெளியிலயா?"

"தெரிஞ்சாத்தான் அழுவியாடா, பாவி?"

பக்கத்து வீட்டுக்காரர் குனிந்து காலடியைப் பார்த்தார். தெரு முழுக்கக் கண்ணாடி. தோளிலிருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.