தாய்மாமன் மீசைக்கு ஒரு மவுஸ் பேட்

காலையிலேயே கோரிப்பாளையத்துக்கு மவுஸ் வாங்க ஓடினேன். நான் டிசைன் செய்யும் காதுகுத்து ஃபிளெக்ஸுக்காகக் குழந்தையின் தாய்மாமன் படத்தின் பின்னணியை வெட்டும்போதெல்லாம் கர்சர் எகிறி, அவர் மீசை முனையைத் தின்றுவிடுகிறது. சாயங்காலம் பேனர் அச்சுக்குப் போயாக வேண்டும்.

கடைக்காரர் பளபளக்கும் ரோஜாப் பேடில் ஒரு மவுஸை வைத்தார். கடைக் கம்ப்யூட்டரில் மீசை வரைந்து பார்த்தேன். கோணல். அடுத்த மவுஸும் கோணல். அதற்கடுத்ததும்.

“எம்புட்டு மீசை வரைவீங்க தம்பி? வாங்குறீங்களா இல்லையா?”

“அந்தப் பேடை மாத்துங்கண்ணே.”

கறுப்புத் துணிப் பேட் வந்தது. முதல் மவுஸிலேயே மீசை வளைந்து நின்றது. வீட்டில் என்னுடையதும் இதே பளபள ரோஜாதான்!

அதற்குள் தாய்மாமனிடமிருந்து போன்.

“தம்பி, மீசை முழுசா வந்துருச்சா?”

“வந்துரும்ணே. மீசைக்கு ஏன் இம்புட்டுக் கவலை?”

“நாளைக்குக் கோயில்ல பிள்ளையோட சேர்ந்து எனக்கும் மொட்டை. மீசையும் போயிரும். பேனர்லயாவது இருக்கட்டும்ப்பா.”

துணிப் பேடை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து படத்தை வெட்ட உட்கார்ந்துவிட்டேன். இப்போது மவுஸ் எகிறவில்லை, கைதான் நடுங்குகிறது.

நடுங்காத கை எந்தக் கடையில் கிடைக்கும், மக்களே?