நாலாவதாக வந்த சிறப்பு விருந்தினர்

போன மாதம் எங்கள் ஏரியா ஸ்போர்ட்ஸ் கிளப் செயலாளர் பாஸ்கர் மூச்சிரைக்க வந்தார். ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் கிடைத்துவிட்டாராம்.

யார்? எங்கள் எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் கிளாடிஸ் மேடம்!

கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவுக்காரர். வெறுங்காலோடு மணலில் ஓடிப் பழகி, அந்த ஓட்டத்தாலேயே அமெரிக்காவில் காலேஜ் படித்து, உலகப் போட்டியில் நூறு மீட்டர் இறுதிச் சுற்று வரை போனவர். பிறகு தொடைத் தசை கிழிந்து ஓட்டம் நின்றது. இப்போது வருஷா வருஷம் இங்கே வந்து எங்கள் மலையைக் கிரிவலம் சுற்றுகிறார். செங்கம் ரோட்டில் கீரைக்கார அம்மாகூட அவரை முந்திவிடுவார்... அவ்வளவு நிதானம்.

எனக்கு அரைகுறை இங்கிலீஷ் தெரியும் என்பதால் தூது போனது நான்தான். கேட்டதும் மேடத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. மைதானத்தில் கால் வைத்து எத்தனையோ வருஷமாச்சாம். ஓட்டத்தில் ஸ்டார்ட் எடுப்பது எப்படி என்று கிளப் பெண்களுக்குக் காட்டித் தருகிறேன் என்றார். அன்று சாயங்காலமே மொட்டை மாடியில் கை ஊன்றிக் குனிந்து, வலிக்கிற காலோடு ஒத்திகை பார்த்தார்.

மறுநாள் பாஸ்கர் வந்தார்.

"நோட்டீஸ் அடிக்கணும் சார். மேடம் கோல்டா, சில்வரா?"

நாலாவது என்றேன். பாஸ்கர் முகம் விழுந்துவிட்டது.

"நாலாவதுன்னா... நம்ம கிளப்புலயே அதுக்கு ஒரு டிபன் பாக்ஸ்கூடத் தர்றதில்லியே சார்."

உலகத்தில் நாலாவது என்றால் எங்கள் ஊருக்கு ரொம்பக் கம்மி. கமிட்டி கூடியது. சிறப்பு விருந்தினராக லாட்ஜ்காரர் ஒருவர் ஏகமனதாகத் தேர்வானார். அவர் ஓடி ஊரில் யாரும் பார்த்ததில்லை. பஸ்கூட அவருக்காக நின்று ஏற்றிக்கொண்டு போகும். ஆனால் கப்புகள் அத்தனையும் அவர் உபயம் – வேறென்ன தகுதி வேண்டும்?

இதை மேடத்திடம் யார் சொல்வது? நான்தான்.

 கேட்டுவிட்டு மேடம் ஒன்று சொன்னார். பேண்டு வாத்தியத்தோடு வழியனுப்பிய அவருடைய ஊர், நாலாவதாக வந்து இறங்கியபோது ஏர்போர்ட்டுக்கு ஒரு சைக்கிளைக்கூட அனுப்பவில்லையாம்.

"நிம்மதி தேடி இவ்வளவு தூரம் வந்தேன். சொந்த ஊருக்கே வந்த மாதிரி இருக்கு."

அதற்கப்புறம் மொட்டை மாடியில் ஒத்திகை இல்லை.

மழையால் விழா தள்ளிப்போனது. அதற்குள் பிரவுசிங் சென்டரில் மேடத்துக்கு ஒரு இ-மெயில். அன்றைக்கு மூணாவதாக வந்தவர் ஊக்க மருந்து எடுத்தது இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. அவர் பெயரை நீக்கிவிட்டார்கள். வெண்கலம் இனி மேடத்துக்கு! ஓட்டம் முடிந்து இத்தனை வருஷம் கழித்து, மெதுவாக நடந்துகொண்டே ஒருவரை முந்தியிருக்கிறார்.

நேற்று பொன்னாடையும் கையுமாக மாடியேறினார் பாஸ்கர். நடுவில் மொழிபெயர்ப்பாளனாக நான்.

"மேடம், நீங்கதான் சீஃப் கெஸ்ட். நோட்டீஸ்ல உங்க போட்டோவைப் பெருசாப் போடப் போறோம்."

மேடைக்கு வரமாட்டேன், மைதானத்துக்கு வந்து பெண்களுக்கு ஸ்டார்ட் எடுக்கச் சொல்லித் தருகிறேன், அது போதும் என்றார் மேடம். பொன்னாடையைத் தொடவில்லை. லாட்ஜ்காரர் என்ன ஆனார் என்று மட்டும் கேட்டார்.

"அவரைத் தூக்கிட்டோம் மேடம்."

மேடம் முகத்தில் அப்படி ஒரு கவலை.

"அடப் பாவமே. அவர் என்ன மருந்து எடுத்து மாட்டினார்?"

ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னேன். பாஸ்கர் பதறிப்போனார்.

"சேச்சே... அவரு மேல ஒரு தப்பும் இல்லீங்க மேடம். அவருதான் ஓடவே இல்லியே!"