கனமில்லாத துப்பாக்கி

சுடலையண்ணன் வேலையை விட்டு ஊருக்குப் போக என்ன காரணம் சொல்லலாம் என்று யோசனை கொடுத்த புத்திசாலி நான்தான். "துப்பாக்கி கனம், தோளு தாங்கலைன்னு சொல்லுங்ண்ணா" என்றேன். அன்றைக்கே என் வாயைத் தைத்திருக்கலாம். திருப்பூரில் தையல் மெஷினுக்கா பஞ்சம்?

பனியன் கம்பெனி வாசலில் நான் டைம் கீப்பர், அவர் துப்பாக்கி வைத்திருக்கும் காவல்காரர். பதினேழு வருஷம் ராணுவம், பதினான்கு வருஷம் இந்த வாசல். இத்தனை வருஷமாகியும் பேச்சுக்குப் பேச்சு ஒட்டிக்கொள்ளும் எங்கள் ஊர் 'ங்க' அவர் வாயில் ஏறியதே இல்லை. நாங்குநேரிப் பக்கத்துக் கிராமத்தில் மனைவி சீனியம்மாள் தனியாக இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்தாற்போல் இரண்டு மாதம் ஒரே வீட்டில் இருந்ததில்லை. முந்தின தீபாவளியோடு அந்த அம்மாளுக்குப் பார்வை மங்கத் தொடங்கிவிட்டது. "மொகம் தெரியும்போதே வந்து சேருங்க" என்று போனில் சொல்லியிருந்தார்.

நேராகச் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே என்பீர்கள். முதலாளி சிவராஜிடம் அது நடக்காது. அதட்டுகிறவரை எதிர்த்துப் பேசலாம். இவர் மரியாதையாலேயே கட்டிப்போடுகிறவர். முந்தின வருஷம் அண்ணன் கேட்டபோது, "ஏனுங்ண்ணா, இங்க என்னங்க கொறை?" என்றார். அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். மறுநாள் வாசல் அறையில் புது ஃபேன் ஓடியது. குறையைத் துப்பாக்கி மேல் போட்டுவிட்டால் முதலாளி மனம் நோகாது என்று நான் நினைத்தேன்.

2007 பொங்கல் கழிந்ததும் அண்ணன் சொன்னார்: "துப்பாக்கி கனமா இருக்கு முதலாளி. தோளு தாங்க மாட்டேங்கு."

"இத்தன நாளு சொல்லலீங்களேண்ணா!" என்று சிவராஜ் பதறிப்போனார்.

மூன்றே மாதத்தில் புதுத் துப்பாக்கி வந்துவிட்டது. கன்னங்கரேல் என்று, மரக்கட்டை இருக்க வேண்டிய இடமெல்லாம் பிளாஸ்டிக். ஞாயிற்றுக்கிழமை குண்டடம் பக்கம் துப்பாக்கி சுடுவோர் சங்கத்து மைதானத்துக்கு முதலாளி எங்களையும் வேனில் கூட்டிப்போனார்.

அங்கே வந்திருந்த பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் ராசப்பன் அதை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்து, "நோம்பிக் கடைல வாங்குன பொம்மைங்களா?" என்று சிரித்தார். ஒருமுறை சுட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. "தூக்கறதுக்குப் பஞ்சுங்க. சுட்டாக் கழுதையாட்ட ஒதைக்குதுங்க" என்று தோளைத் தேய்த்தார்.

சங்கத்தில் நன்றாகச் சுடுகிறவர் என்று பேர் வாங்கிய சுப்பையன் இரண்டுமுறை சுட்டுவிட்டு யோசித்தார். "கனமான துப்பாக்கின்னா ஒதைய அதே வாங்கிக்கும். இது அப்படியே நம்ம மேல தள்ளுதுங்க. ஆனா நாளெல்லாம் மாட்டிட்டு நிக்கறவருக்கு இதுதானுங்க சௌகரியம்."

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். எனக்கு நம்பிக்கை வந்தது. உதைக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊருக்குப் போய்விடலாம்.

அண்ணன் சுட்டார். உடம்பு ஒரு குலுங்கு குலுங்கியது. வலியில் பல்லைக் கடித்ததைப் பார்த்தேன். சொல்லித் தொலையுங்கள் அண்ணா என்று மனதுக்குள் கத்தினேன்.

அதற்குள் சிவராஜ் பக்கத்தில் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்காகத்தானுங்ண்ணா தேடிப் புடிச்சேன். லைசென்ஸ்ல ரீடெய்னர்னு உங்க பேரையே ஏத்தியாச்சுங்க. எனக்குப் பதிலா இத வெச்சுக்கற உரிமை உங்க ஒருத்தருக்குத்தான். எப்படிங்க இருக்குது?"

அண்ணன் துப்பாக்கியைப் பார்த்தார், முதலாளி முகத்தைப் பார்த்தார்.

"கனமே இல்லீங்க" என்றார்.

பதினான்கு வருஷத்தில் அன்றுதான் அவர் வாயில் 'ங்க' வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பி வரும்போது வேனில் அவர் போன் அடித்தது. சீனியம்மாள் குரல் பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

"சொல்லியாச்சா? எப்ப வாரிய?"

"துப்பாக்கிய மாத்திட்டாவ, சீனி."

"எதுக்கு?"

"எனக்குத் தோள்வலின்னு."

"உங்களுக்குத்தான் தோள்வலியே கெடையாதே!"

அண்ணன் வலது தோளைத் தடவிக்கொண்டார்.

"இப்ப இருக்கு."