ரத்த வங்கியில் விடாத பூட்டு

கதை விடுறேன்னு நினைக்கிறவங்க தாராளமா நினைச்சுக்கோங்க. யார் காலையும் பிடிச்சு நம்ப வைக்கணும்னு எனக்கு ஒண்ணும் தலையெழுத்து இல்லை. பட்டப்பகல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்கே நடந்தது இது.

ஆஸ்பத்திரியில டேட்டாபேஸ் பார்க்கிறதுதான் என் வேலை. மதியம் 2.10க்கு மேலாளர் போன் பண்ணினார். எதுக்கெடுத்தாலும் பறக்கிறதால அவருக்கு நாங்க வெச்ச பேரு 'அவசரம்'.

"பிரசவ வார்டுல ஒரு பொண்ணுக்கு ரத்தப்போக்கு நிக்கல. ஓ நெகட்டிவ் வேணும். கம்ப்யூட்டர்ல தேடினா சுத்திக்கிட்டே இருக்கு!"

எங்க ரத்த வங்கியில கம்ப்யூட்டர் ஒரு ரத்தப் பையை ஒதுக்கினாத்தான் குளிர்பெட்டி திறக்கும். அடிச்சுப் பிடிச்சு ஓடினேன்.

மத்த குரூப்பெல்லாம் கண் சிமிட்டுற நேரத்துல வந்துச்சு. இது மட்டும் அசையல. குவெரி, அதாவது கம்ப்யூட்டருக்குப் போடுற தேடல் கட்டளை, எந்த வழியா தேடுதுன்னு பார்த்தேன். சீக்கிரம் தேட உதவுற இண்டெக்ஸ் சரியா இருக்கு. சர்வர் சும்மா உட்கார்ந்திருக்கு. அப்போ இது மெதுவா தேடல... காத்துக்கிட்டு நிக்குது. வரிசையில முதல் பையை வேற யாரோ கம்ப்யூட்டர்ல பூட்டி வெச்சிருக்காங்க.

யாருன்னு பார்த்தேன். பின்னறை கம்ப்யூட்டர். அங்க வேலை பார்க்கிற டெக்னீஷியனோட லாகின்.

அந்தக் கம்ப்யூட்டரோட இணைப்பை வெட்டினேன். போச்சு.

ஒரு நொடி... திரும்ப வந்துச்சு. அதே கம்ப்யூட்டர். அதே பை.

மறுபடி வெட்டினேன். மறுபடி வந்துச்சு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்! அங்க ஒருத்தி உயிருக்குப் போராடுறா, இங்க விளையாட்டா? உதைக்காத குறையா பின்னறைக் கதவைத் திறந்தேன்.

மேசை காலி. கம்ப்யூட்டரே இல்லை. ஒயர் மட்டும் தொங்குது.

டக்... டக்... டக்...

கீபோர்டு சத்தம்.

காலி மேசையில.

அப்பவும் வாய் அடங்கல.

"யாரா வேணா இரு! அந்தப் பையை விடு!"

சத்தம் நின்னுச்சு.

அப்புறம்... டக்.

"சரி, நீயே வெச்சுக்கோ! எனக்கு அடுத்தது போதும்!"

திரும்பி ஓடினேன். பூட்டின பையைத் தாண்டி அடுத்ததை எடுன்னு குவெரியை மாத்தினேன். உடனே வந்துச்சு. 2.31க்கு ரத்தம் வார்டுக்குப் போச்சு.

'அவசரம்' குதிச்சார். "அந்த முதல் பையையும் எடு!"

"மாட்டேன். இவ்வளவு பிடிவாதமா பிடிச்சு வெச்சிருக்குன்னா சும்மா இருக்காது. முதல்ல அதைச் சோதிக்கச் சொல்லுங்க."

"நான் சொல்றேன்ல?"

"வேலையை விட்டே தூக்குங்க சார். மாட்டேன்."

அந்தப் பொண்ணு பிழைச்சுக்கிட்டா.

மறுநாள் ரத்த வங்கி அக்கா கூப்பிட்டாங்க. அந்த முதல் பையைச் சோதிச்சாச்சாம். பையில ஒட்டியிருந்தது ஓ நெகட்டிவ். உள்ளே இருந்தது பி பாசிட்டிவ். ஏத்தியிருந்தா கதை முடிஞ்சிருக்கும்.

"பின்னறை டெக்னீஷியன் எங்கேக்கா? அவருக்கு ஒரு நன்றி சொல்லணும்."



"லேபிள் ஒட்டினதே அவர்தான்மா, போன வாரம். ஒட்டிட்டு, 'ஒரு சந்தேகம், பார்த்துட்டு வரேன்'னு பின்னறைக்குப் போனார். எதுல சந்தேகம்னு சொல்றதுக்குள்ள... உட்கார்ந்த இடத்துலயே உயிர் போயிடுச்சு."