சகலைக்குச் சொன்ன லென்ஸ்

மாமனார் வீட்டில் அவருக்கு ஃபோகஸ் என்று பெயர். மைத்துனன் வைத்தது. குடும்பத்தை வரிசையாக நிறுத்திவிட்டு, "அசையாதீங்க, இன்னும் ஃபோகஸ் ஆகல" என்று அவர் இழுக்கிற இழுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்றுக்கு வந்துவிடும். ஆனாலும் படத்தைப் பார்த்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். படம் அப்படி இருக்கும்.

பிழைப்பு ஒரு கண்ணாடிக் கடையில். முன்பக்கம் வாடிக்கையாளர்கள், கண்ணாடி அலமாரிகள், குளிர்சாதனம். பின்பக்கம் ஒரு நீள அறை, ஒரு அரைக்கும் இயந்திரம், அவர். பிரேமுக்குத் தக்கபடி லென்ஸை அரைத்து, கழுவித் துடைத்து, விளக்குக்கு நேரே பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பார். நாள் முழுக்கக் கண்ணாடியில் குற்றம் கண்டுபிடிக்கிற வேலை. அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்தது. டீ கொடுத்தால்கூடத் தம்ளரைத்தான் முதலில் பார்ப்பார் என்று மனைவி சொல்வாள்.

மைத்துனன் பெரிய கம்பெனியில் மேலாளர். மூத்த மாப்பிள்ளை, அதாவது மனைவியின் அக்கா புருஷன், சொந்தமாக மெத்தைக்கடை நடத்துகிறவர். கார் உண்டு, தொப்பை உண்டு, அடுத்த தெருவுக்குக் கேட்கிற சிரிப்பு உண்டு. இவர்களுக்கு நடுவில் ஃபோகஸுக்கு என்று இருந்தது கேமரா ஒன்றுதான். அதைக் கையில் எடுத்துவிட்டால் மெத்தைக்கடைக்காரரே வந்து, "சகலை, நான் எங்க நிக்கட்டும்?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகவே அவர் மாமனார் வீட்டு விசேஷம் எதையும் விட்டதில்லை.

அப்படியிருக்க, மெத்தைக்கடைக்காரர் ஒருநாள் புது மிரர்லெஸ் கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். ஃபோகஸ் ஆறேழு வருஷமாகக் கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு மட்டும் வந்த அதே மாடல். மெத்தை விற்கிறவனுக்கு இது எதற்கு என்று வயிறு எரிந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல், நல்ல கேமரா என்று சொல்லி வைத்தார்.

மெத்தைக்கடைக்காரர் வந்தது யோசனை கேட்க. கடையில் இரண்டு லென்ஸ் காட்டினார்களாம். ஒன்று கொஞ்ச தூரத்துக்குத்தான் ஜூம் ஆகும், ஆனால் படம் கத்தி மாதிரித் துல்லியமாக இருக்கும். இன்னொன்று சூப்பர்ஜூம்: பக்கத்தில் நிற்கிற கூட்டம் முழுக்க அடங்கும், திருகினால் மைதானத்தின் அந்தக் கோடியில் இருப்பவனின் மீசை வரைக்கும் வரும். விலை கிட்டத்தட்ட ஒன்று. எதை வாங்குவது?

ஃபோகஸ் இந்த இரண்டைப் பற்றியும் படிக்காதது இல்லை. வாங்க முடியாத லென்ஸ்களைப் பற்றித்தான் அவர் அதிகம் படித்திருந்தார். லென்ஸைச் சோதிக்கச் செங்கல் சுவரைப் படம் பிடித்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பார்த்து மதிப்பெண் போடுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர் அதில் சேர்ந்தவர். அந்தக் கூட்டம் இந்த சூப்பர்ஜூமைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தது. மூலைகள் மங்கல். முழுக்க நீட்டினால் வெளிச்சம் குறைவு, படம் சொதசொதப்பு. வாங்கட்டும் என்று தோன்றியது. அந்த நல்ல கேமராவின் முன்னால் இதை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றட்டும். படம் வரட்டும், அப்புறம் தெரியும் யார் யார் என்று.

"உங்களுக்கு சூப்பர்ஜூம்தான்ணே சரி," என்றார். "ஒரே லென்ஸ், எல்லாத் தூரமும் எடுக்கலாம். மாத்துற வேலையே இல்ல."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதை நினைத்து அவருக்கே உள்ளூரப் பெருமையாக இருந்தது. மெத்தைக்கடைக்காரர் அவர் தோளைத் தட்டிவிட்டு நேரே கடைக்குப் போனார்.

அதற்குப் பிறகு குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் படங்கள் கொட்டத் தொடங்கின. மாமியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஊசியில் நூல் கோக்கிற படம். மைத்துனன் மனைவி கைக்குழந்தையைத் திட்டிக்கொண்டே சிரிக்கிற படம். தூரத்திலிருந்து எடுத்ததால் ஒருவருக்கும் எடுக்கிறது தெரியவில்லை. அதனால் ஒருவரும் விறைத்துக்கொள்ளவில்லை. குழுவே மெத்தைக்கடைக்காரரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. பாராட்டு வரும்போதெல்லாம் அவர் மறக்காமல், எல்லாம் சகலை சொன்ன லென்ஸ் என்று எழுதினார். ஃபோகஸுக்கு அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தூங்கியிருப்பார்.

ஒவ்வொரு படத்தையும் விரலால் இழுத்துப் பெரிதாக்கி மூலைக்குப் போனார். இருந்தது, அவர் படித்த மங்கல் அப்படியே இருந்தது. ஜன்னல் கம்பி, செடி இலை எல்லாம் குழைந்துபோயிருந்தன. மனைவியைக் கூப்பிட்டு அதை ஒரு சாட்சியைப் போலக் காட்டினார். அவள் துணி மடிப்பதை நிறுத்தாமல் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா முகம் நல்லா இருக்குல்ல. இலையை யாருங்க பாக்கப் போறா?"

மைத்துனன் குழந்தைக்கு முதல் பிறந்தநாள் வந்தது. வாடகை ஹாலில் பகல் விருந்து. வழக்கம்போல ஃபோகஸைத்தான் படம் எடுக்கக் கூப்பிட்டான். கூடவே, பெரிய மாமாவும் எடுக்கட்டும் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டான். அந்தக் 'கூடவே' ஃபோகஸைக் குத்தியது. ஆனால் ஹால் என்றால் இருட்டு, இருட்டில் அந்த லென்ஸ் பல்லிளிக்கும் என்று ஒரு நம்பிக்கை. தன் மூன்று லென்ஸ்களையும் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஹாலின் ஒரு பக்கம் முழுக்க ஜன்னல். வெயில் தாராளமாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

மூன்று லென்ஸில் எதுவும் ஜூம் ஆகாது. கூட்டத்துக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று. அவர் கூட்டத்துக்கானதைக் கழற்றி முகத்துக்கானதை மாட்டுகிற நேரம் பார்த்து, அதுவரை நாற்காலியைப் பிடித்தே நின்ற குழந்தை கையை விட்டுவிட்டு இரண்டு எட்டு நடந்துவிட்டது. ஹாலே கூச்சல் போட்டது. ஃபோகஸ் ஒரு கையில் லென்ஸும் ஒரு கையில் வாய் பிளந்த கேமராவுமாக நிமிர்ந்து பார்த்தார். எதிர்ச் சுவரோரம் மெத்தைக்கடைக்காரர் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல் எடுத்துக்கொண்டே இருந்தார். அவன் கை உடைய, அந்த லென்ஸ் கீழே விழுந்து நொறுங்க என்று ஃபோகஸ் மனதாரச் சபித்தார்.

சாயங்காலம் மாமனார் வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். மெத்தைக்கடைக்காரர் கேமராவை டிவியில் மாட்டி ஒவ்வொன்றாகத் தள்ளினார். குழந்தையின் முதல் அடி. இரண்டாவது அடி. மைத்துனன் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவரும் இப்போதுதான் முதல் தடவையாகப் பெரிதாகப் பார்க்கிறார். பார்த்துப் பார்த்துப் பூரித்தார்.

"அடுத்தது ஒண்ணு இருக்கு. நம்ம வீட்டு போட்டோ ஒண்ணுலகூட சகலை இல்லையே. அதான் அங்கேருந்தே இழுத்து ஒண்ணு எடுத்தேன்," என்று பொத்தானை அழுத்தினார்.

டிவி நிறைய ஃபோகஸின் முகம். லென்ஸை முழுக்க நீட்டி எடுத்த படம். துளி மங்கல் இல்லை. இமை மயிர் எண்ணலாம். தாடை இறுகியிருந்தது. உதடு ஒரு பக்கம் கோணியிருந்தது. எடுத்தவரையே முறைத்துக்கொண்டிருந்ததால், சோபாவில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரையும் அந்த முகம் நேருக்கு நேர் முறைத்தது.

மாப்பிள்ளைக்கு வயிறு சரியில்லையா என்று மாமியார் மெல்லக் கேட்டாள். மனைவி டிவியைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள்.

மெத்தைக்கடைக்காரரின் விரல் பொத்தான் மேலேயே நின்றது. சிரிப்பு முகத்தில் மிச்சம் இருந்தது, ஆனால் அது சிரிப்பாக இல்லை. படத்தைப் பார்த்தார், திரும்பி ஆளைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்காதபடி, இதுவரை யாரும் அவரிடம் கேட்டறியாத ஒரு சின்னக் குரலில் கேட்டார்.

"சகலை, அந்த லென்ஸை என்னை எதுக்கு வாங்கச் சொன்னீங்க?"

ஒரே லென்ஸ், எல்லாத் தூரமும் எடுக்கலாம், மாத்துற வேலையே இல்ல. பதில் தயாராகத்தான் இருந்தது. ஃபோகஸ் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். டிவியில் இருந்த அந்த முகம் அவரை முறைத்துக்கொண்டிருந்தது, சொல்ல முடியவில்லை.